மடக்கை: எத்தனை முறை மடித்தால் வரும்?

ஒரு தாளை எடுத்துப் பாதியாக மடியுங்கள். இரண்டு தாள் கனம் வரும். மறுபடி மடித்தால் நான்கு. அடுத்த மடிப்பில் எட்டு, அதற்கடுத்ததில் பதினாறு. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம்: 64 தாள் கனம் வர வேண்டுமானால் எத்தனை முறை மடிக்க வேண்டும்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: 2, 4, 8, 16, 32, 64. ஆறு முறை.

அந்த ஆறுதான் மடக்கை. 2-ஐ அடிமானமாகக் கொண்டால் 64-இன் மடக்கை 6. இதை லாக்₂ 64 = 6 என்று சுருக்கி எழுதுகிறோம். கீழே சிறிதாக இருக்கும் 2 அடிமானம். பக்கத்தில் இருக்கும் 64 நாம் போய்ச் சேர வேண்டிய எண். விடையாக வரும் 6, அங்கே போய்ச் சேர 2-க்கு எத்தனை அடுக்கு வேண்டும் என்பதைச் சொல்கிறது. மடக்கை என்ற தமிழ்ச் சொல்லில் மடங்கும் மடக்குதலும் சேர்ந்தே காதில் விழுகின்றன. இந்தக் கருத்துக்கு இப்படியொரு சொல் வாய்த்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

மடக்கை பலருக்குக் கசந்துபோவதற்குக் காரணம், விதிகளை முதலில் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, அது என்ன கேள்விக்கு விடை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான். எனவே இந்தக் கட்டுரையில் எங்கே குழம்பினாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். லாக் என்று எழுதியிருக்கும் இடத்தில் ‘எத்தனையாவது அடுக்கு?’ என்று வாய்விட்டுப் படியுங்கள். லாக்₁₀ 1000 என்றால், ‘10-இன் எத்தனையாவது அடுக்கு 1000?’ மூன்றாவது. லாக்₅ 25 என்றால், ‘5-இன் எத்தனையாவது அடுக்கு 25?’ இரண்டாவது. முக்கால்வாசிக் குழப்பம் இந்த ஒரு பழக்கத்தில் தீர்ந்துவிடும்.

முதல் படி: இரண்டு வரிசை எழுதுங்கள்

கையில் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பதோடு நின்றால் இந்த இடம் மனத்தில் ஒட்டாது. மேலே அடுக்குகளையும் கீழே 2-இன் அந்தந்த அடுக்கின் மதிப்பையும் எழுதுங்கள்.

0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10
1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024

மேல் வரிசை ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகிறது. கீழ் வரிசை இரண்டிரண்டு மடங்காகப் பெருகிக்கொண்டே போகிறது. கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அதன் தலைக்கு மேல் இருப்பதுதான் மடக்கை. 128-இன் தலைக்கு மேல் 7; ஆகவே லாக்₂ 128 = 7.

இனி கீழ் வரிசையிலிருந்து இரண்டு எண்களை எடுத்துப் பெருக்குவோம். 8 × 32 எவ்வளவு? பெருக்காமலே சொல்லிவிடலாம். 8-இன் மேல் 3, 32-இன் மேல் 5. இரண்டையும் கூட்டினால் 8. மேல் வரிசையில் 8-க்குக் கீழே பாருங்கள்: 256. விடை அதுதான். ஏன் இப்படி வருகிறது? 8 என்பது மூன்று இரண்டுகளின் பெருக்கல், 32 ஐந்து இரண்டுகளின் பெருக்கல். இரண்டையும் பெருக்கினால் எட்டு இரண்டுகள் வரிசையாக நிற்கும். அவ்வளவே. கீழே நடக்கும் பெருக்கல் மேலே வெறும் கூட்டலாக மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் சற்று நின்று, 4 × 128, 16 × 64 என்று நாலைந்து முறை செய்து பாருங்கள். பிறகு வகுத்தலுக்கு வாருங்கள். 512 ÷ 16 என்றால் மேலே 9-இலிருந்து 4-ஐக் கழியுங்கள், 5, அதன் கீழே 32. பெருக்கல் கூட்டலானது போல வகுத்தல் கழித்தலாகிறது. ஜெர்மானியக் கணிதர் மைக்கேல் ஸ்டீஃபெல் 1544-இல் வெளியிட்ட நூலிலேயே இப்படி இரண்டு வரிசைகளை மேலும் கீழுமாக எழுதி இந்த உறவைக் காட்டியிருந்தார். ஆனால் 8-க்கும் 16-க்கும் நடுவே இருக்கும் எண்களை என்ன செய்வது? 11 × 13 என்று யாராவது கேட்டால் இந்த வரிசையில் இரண்டுமே இல்லையே?

அந்த இடைவெளியை நிரப்பியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் நேப்பியர். வானியலாளர்களும் கடலோடிகளும் ஏழெட்டு இலக்க எண்களைக் கையாலேயே பெருக்கிப் பெருக்கி நொந்துகொண்டிருந்த காலம் அது. சுமார் 20 ஆண்டுகள் தனியாக உழைத்து, 1614-இல் நேப்பியர் தம் அட்டவணையை வெளியிட்டார். மறு ஆண்டே ஹென்றி பிரிக்ஸ் என்ற பேராசிரியர் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் பயணம் செய்து அவரைச் சந்தித்தார். 10-ஐ அடிமானமாக வைத்தால் எல்லோருக்கும் எளிது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நேப்பியர் 1617-இல் காலமாக, பிரிக்ஸ் அந்த வேலையைத் தொடர்ந்து, 1624-இல் 14 தசம இடங்கள் வரையிலான மடக்கைகளை அச்சிட்டார். கணிப்பான் இல்லாத நாளில் ஒவ்வொரு இலக்கமும் கையால் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இரண்டாம் படி: மூன்று விதிகள்

நீங்கள் ஏற்கெனவே இவற்றைச் செய்து பார்த்துவிட்டீர்கள். பெயர் வைப்பதுதான் பாக்கி. இனி அடிமானம் குறிக்காமல் லாக் என்று மட்டும் எழுதினால் 10 அடிமானம் என்று கொள்ளுங்கள்.

பெருக்கல் விதி: லாக் (அ × ஆ) = லாக் அ + லாக் ஆ
வகுத்தல் விதி: லாக் (அ ÷ ஆ) = லாக் அ − லாக் ஆ
அடுக்கு விதி: லாக் (அⁿ) = n × லாக் அ

மூன்றாவது விதி புதிதல்ல. அ³ என்பது அ × அ × அ. பெருக்கல் விதிப்படி லாக் அ மூன்று முறை கூடுகிறது. அதாவது 3 × லாக் அ. மேலே உட்கார்ந்திருக்கும் அடுக்கைத் தரைக்கு இறக்கிவிடும் இந்த விதிதான், அடுக்கில் தெரியாத எண் ஒளிந்திருக்கும் சமன்பாடுகளைத் திறக்கும் சாவி. பின்னால் இதை அடிக்கடி எடுப்போம்.

மூன்றாம் படி: பின்ன அடுக்கும் குறை எண்ணும்

10¹ = 10, 10² = 100. அப்படியானால் லாக் 50? 50 இவை இரண்டுக்கும் நடுவே இருப்பதால் விடை 1-க்கும் 2-க்கும் நடுவே ஏதோ ஒரு தசம எண்ணாக இருக்க வேண்டும். ‘10-ஐ ஒன்றரை முறை பெருக்குவதா, அது எப்படி?’ என்று இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும்.

அரை அடுக்கை எடுத்துக்கொள்வோம். 10-இன் அரை அடுக்கை அதே எண்ணால் பெருக்கினால் அடுக்குகள் கூடி 10¹ ஆக வேண்டும். தன்னைத் தானே பெருக்கி 10 வரும் எண் எது? 10-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 3.162. ஆக லாக் 3.162 ≈ 0.5. பின்ன அடுக்கு என்பது வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றின் இன்னொரு வேடம். 1-க்கும் 10-க்கும் நடுப்புள்ளி 5 அல்லது 5.5 என்று கண் சொல்லும். பெருக்கலின் கணக்கில் நடுப்புள்ளி 3.162. மடக்கையின் பார்வை இங்கேதான் நம் வழக்கமான பார்வையிலிருந்து பிரிகிறது.

மற்ற எல்லைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். எந்த அடிமானமானாலும் 1-இன் மடக்கை 0. தாளை ஒரு முறைகூட மடிக்காமல் வைத்திருந்தால் ஒரு தாள் கனம்தானே. 1-க்குக் கீழே போனால் மடக்கை குறை எண்ணாகும்: 0.01 என்பது 1-ஐ இரண்டு முறை 10-ஆல் வகுத்தது, ஆகவே லாக் 0.01 = −2. பூஜ்யத்துக்கும் குறை எண்களுக்கும் நாம் பழகும் மெய்யெண்களில் மடக்கை கிடையாது. 10-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் வகுத்தாலும் விடை மிகையாகவே இருக்கும். பூஜ்யத்தைத் தொடவே தொடாது.

நான்காம் படி: உங்கள் சொந்த அட்டவணை

புதியவர்கள் தவறாமல் செய்ய வேண்டிய பயிற்சி இது. கணிப்பானை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். லாக் 2 எவ்வளவு என்று நாமே கண்டுபிடிப்போம்.

முதலில் எழுதிய வரிசையின் கடைசி எண்ணைப் பாருங்கள்: 2¹⁰ = 1024. அது 1000-க்கு மிக அருகில் இருக்கிறது; 1000 என்பது 10³. இரண்டையும் ஏறத்தாழச் சமம் என்று கொண்டு மடக்கை எடுத்தால், அடுக்கு விதிப்படி 10 × லாக் 2 ≈ 3. ஆகவே லாக் 2 ≈ 0.3. நான்கு இலக்க அட்டவணையில் இருப்பது 0.3010. ஒரே வரியில் இவ்வளவு பக்கம் வந்துவிட்டோம்.

அடுத்தது 3. 3⁴ = 81. அது 80-ஐ ஒட்டி நிற்கிறது. 80 என்பது 2³ × 10. ஆக 4 × லாக் 3 ≈ 3 × 0.301 + 1 = 1.903. நான்கால் வகுத்தால் 0.476. உண்மை மதிப்பு 0.4771.

7-க்கு ஒரு அழகான வழி இருக்கிறது. 7⁴ = 2401. 2400 என்பது 3 × 2³ × 10². ஆக 4 × லாக் 7 ≈ 0.4771 + 0.9030 + 2 = 3.3801. நான்கால் வகுத்தால் 0.8450. அட்டவணையில் 0.8451! 2401-க்கும் 2400-க்கும் இருக்கும் நெருக்கம் விடையிலும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த மூன்றும் கையில் இருந்தால் மற்றவை தாமாக வரும். லாக் 4 என்பது லாக் 2-இன் இரு மடங்கு, 0.602. லாக் 5-க்கு 10-ஐ 2-ஆல் வகுங்கள்: 1 − 0.301 = 0.699. லாக் 6 = 0.301 + 0.477 = 0.778. லாக் 8 = 0.903, லாக் 9 = 0.954. ஒரு சிறு அட்டையில் இவற்றை எழுதி வைத்துக்கொண்டால் ஓரிரு வாரத்தில் அட்டை தேவைப்படாது.

10 அடிமானத்தின் இன்னொரு வசதியும் இங்கே விளங்கும். லாக் 5 = 0.699 என்றால் லாக் 50 = 1.699, லாக் 500 = 2.699. தசமப் பகுதி மாறவில்லை. முழு எண் பகுதி மட்டும் எண்ணின் பருமனைச் சொல்கிறது. எனவே முழு எண் பகுதியோடு 1-ஐக் கூட்டினால் எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று தெரிந்துவிடும். 2¹⁰⁰ எத்தனை இலக்க எண்? 100 × 0.3010 = 30.10. முழு எண் பகுதி 30. ஆகவே 31 இலக்கங்கள். அந்த எண்ணை எழுதிப் பார்க்காமலே அதன் நீளத்தை அளந்துவிட்டோம்.

அச்சிட்ட பழைய அட்டவணையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். லாக் 0.02-ஐ அந்த முறையில் எழுதும்போது 2-க்கு மேல் ஒரு கோடிட்டு, பக்கத்தில் .3010 என்று எழுதுவார்கள். கணிப்பானோ −1.699 என்று காட்டும். இரண்டும் ஒன்றே. கோடு 2-க்கு மட்டும் உரியது; அதாவது −2 + 0.3010. தசமப் பகுதியை எப்போதும் மிகையாகவே வைத்துக்கொண்டால்தான் அட்டவணையில் தேட முடியும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஐந்தாம் படி: அடிமானம் மாற்றுதல்

2-ஐ அடிமானமாகக் கொண்டு 50-இன் மடக்கை என்ன? கணிப்பானில் அதற்குத் தனிப் பொத்தான் இல்லாமல் இருக்கலாம். சூத்திரத்தைத் தேட வேண்டாம்; கேள்வியைச் சமன்பாடாக எழுதுங்கள். தெரியாத எண்ணை க என்று வைத்தால் 2-இன் க-ஆவது அடுக்கு 50. இரு பக்கமும் மடக்கை எடுங்கள்: க × லாக் 2 = லாக் 50. ஆகவே க = 1.6990 ÷ 0.3010, ஏறத்தாழ 5.64. 2⁵ = 32, 2⁶ = 64 என்பதால் 5-க்கும் 6-க்கும் நடுவே விடை வந்திருப்பது சரி. அடிமான மாற்று விதி என்று பெரிதாகப் பெயரிட்டிருப்பது இந்த இரண்டு வரியைத்தான்.

வளர்ச்சிக் கணக்குகளும் இதே அச்சில் வார்த்தவை. ஆண்டுக்கு 2 சதவீதம் பெருகும் ஒன்று எத்தனை ஆண்டில் இரட்டிக்கும்? ஒவ்வோர் ஆண்டும் 1.02-ஆல் பெருக்குகிறோம், 2-ஐ அடைய எத்தனை முறை? லாக் 2 ÷ லாக் 1.02 = 0.3010 ÷ 0.0086 = 35 ஆண்டுகள். 50 ஆண்டுகள் என்று ஊகிப்பவர்களே அதிகம். பெருகியதே மறுபடி பெருகுகிறது என்பதை நம் ஊகம் கணக்கில் எடுப்பதில்லை.

தவறு நேரும் இடங்கள்

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கூட்டலுக்கு ஒரு விதியைக் கற்பித்துக்கொள்வது. லாக் (2 + 3) என்பதை லாக் 2 + லாக் 3 என்று பிரித்துவிடுகிறார்கள். சோதித்துப் பாருங்கள்: இடப்பக்கம் லாக் 5, 0.699. வலப்பக்கம் 0.778, அது லாக் 6. கூட்டலை உடைக்க மடக்கைக்கு விதியே கிடையாது.

இன்னொன்று, லாக் 8 ÷ லாக் 2-ஐயும் லாக் (8 ÷ 2)-ஐயும் ஒன்றாக எண்ணுவது. முதலாவது 3, இரண்டாவது லாக் 4, அதாவது 0.602. கணிப்பானில் அடைப்புக்குறியை மூட மறந்தாலும் விடை தவறிவிடும்.

சமன்பாடு தீர்க்கும்போது விடையைத் திரும்பப் பொருத்திப் பார்க்காமல் விடக் கூடாது. லாக் க + லாக் (க − 3) = 1 என்று வைத்துக்கொள்வோம். சேர்த்தால் க × (க − 3) = 10; இதற்கு க = 5, க = −2 என்று இரண்டு விடை. −2-க்கு மடக்கை இல்லை. அதை நீக்கிவிட வேண்டும். 5-ஐப் பொருத்தினால் லாக் 5 + லாக் 2 = லாக் 10 = 1. சரியாக வருகிறது.

அடிமானத்தைக் கவனிக்காததும் பலரைத் தடுக்கி விழவைக்கிறது. கணிப்பானில் லாக் பொத்தானுக்கு 10 அடிமானம். எல்-என் என்ற எழுத்துகள் கொண்ட பொத்தான் இயல் மடக்கைக்கு உரியது. அதன் அடிமானம் 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும் ஓர் எண். நிரல்மொழிகள் பலவற்றில் லாக் என்று எழுதினாலே இயல் மடக்கைதான் வரும். சந்தேகமாக இருந்தால் லாக் 10 என்று கொடுத்துப் பாருங்கள். 1 வந்தால் 10 அடிமானம், 2.302 என்று தொடங்கினால் இயல் மடக்கை.

வெளியே எங்கே இருக்கிறது?

நிலநடுக்கச் செய்தியில் 5, 7 என்று படிக்கும்போது ஒன்றரை மடங்குகூட இல்லை என்று தோன்றும். சார்லஸ் ரிக்டர் 1935-இல் வகுத்த அளவுகோல் மடக்கை அளவுகோல். எண்ணில் 1 கூடினால் நிலநடுக்கமானி பதிவு செய்யும் அலையின் வீச்சு 10 மடங்கு. 5-க்கும் 7-க்கும் வீச்சில் 100 மடங்கு வித்தியாசம். வெளிப்படும் ஆற்றலோ ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது; ஆக இரண்டு படிக்குச் சுமார் 1000 மடங்கு. மடக்கை தெரியாமல் அந்த இரண்டு எண்களைப் படிப்பவர் செய்தியின் கனத்தையே தவறவிடுகிறார்.

ஒலியை அளக்கும் டெசிபெலும், கரைசலின் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் எண்ணும் இதே குடும்பம். அகரவரிசைப்படி அடுக்கிய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைக் கணினி பாதி பாதியாகக் கழித்துத் தேடினால் 20 ஒப்பீடுகளில் முடிந்துவிடும். 2²⁰ பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது அல்லவா.

கடைசியாக, அந்தத் தாளுக்கே வருவோம். அதன் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். எத்தனை முறை மடித்தால் நிலவைத் தொடும்? (கையால் ஏழெட்டு முறைக்கு மேல் மடிப்பதே கடினம், கணக்கில் அந்தத் தடை இல்லை.) நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். மில்லிமீட்டரில் 3.844 × 10¹¹. தாளின் தடிமனால் வகுத்தால் 3.844 × 10¹² தாள் கனம் வேண்டும். இதன் மடக்கை 12 + 0.5848 = 12.5848. அதை லாக் 2-ஆல், அதாவது 0.3010-ஆல் வகுத்தால் 41.8. அரைகுறை மடிப்பு கிடையாது என்பதால் 42.

சரிபார்ப்போம். 41-ஆவது மடிப்பில் கனம் சுமார் 2,19,900 கிலோமீட்டர். பாதி வழியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறோம். இன்னும் ஒரே ஒரு மடிப்பு. 4,39,800 கிலோமீட்டர், நிலவு கீழே போய்விட்டது.